கொம்பும் கோழிக்கூடும்: இரு வேளாண்மைக் கொள்கைகள் பற்றி ஒரு நோக்கு

பாடசாலைத் தோட்டத்துக்குப் பொறுப்பாயிருக்கும் ஆசிரிய நண்பர் ஒருவர் அண்மையிலே இரண்டு நூல்களை என் கையிற் தந்து, "இரண்டும் ஒன்றையே சொல்லுகின்றன. ஒன்று ஆன்மிக வழியாலும் மற்றது அறிவியல் வழியாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. படித்துப் பாரும்" என்றார். ஒன்று, ருடோல்ப் ஸ்டைனர் 1924ஆம் ஆண்டிலே நிகழ்த்திய வேளாண்மைச் சொற்பொழிவுகளின் தொகுப்பு. பயோடைனமிக் எனப்படும் உயிராற்றல் வேளாண்மைக்கு அதுவே மூலநூல். மற்றது, அவுஸ்திரேலியரான பில் மொலிசன் 1988இல் வெளியிட்ட பேர்மாகல்ச்சர் வடிவமைப்புக் கைந்நூல். பேர்மாகல்ச்சர் என்பதை நிலைபேற்று வேளாண்மை என்று நாம் தமிழிற் சொல்லலாம்.

நண்பர் மட்டும் இவ்வாறு கருதுகிறார் என்பதற்கில்லை. உலகின் பல பகுதிகளிலும் இவ்விரண்டையும் ஒரே பந்தலின் கீழ்க் கற்பிக்கும் பயிற்சி வகுப்புக்கள் நடைபெறுகின்றன. இரசாயனப் பசளையை எதிர்ப்போர் யாவரும் ஒரே அணியினர் என்னும் எண்ணம் எங்கும் பரவியுள்ளது. நான் இரு நூல்களையும் படித்தேன். நண்பரின் முடிவுக்கு என்னால் வரமுடியவில்லை. இரு கொள்கைகளும் கண்ட நோய் ஒன்றே என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்நோயை அறிந்துகொள்ளும் முறையிலே அவை அடிப்படையில் வேறுபடுகின்றன. இதனை மறைத்து இரண்டையும் உடன்பிறப்புகளாக்குவது மாணவருக்கு நாம் செய்யும் தீங்காகும். அதே வேளையில், இரண்டும் ஒருமித்து மௌனஞ் சாதிக்கும் இடம் ஒன்றும் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

ஸ்டைனரை எடுத்த எடுப்பிலே மூடநம்பிக்கைக்காரர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. முற்போக்காளர் பலர் அவ்வாறே செய்கின்றனர். அது வரலாற்று நோக்காகாது. 1909இல் ஜேர்மனியின் பிரிற்ஸ் ஹேபர் வளியிலுள்ள நைதரசனிலிருந்து அமோனியாவை ஆக்கிக் காட்டினார். 1913இல் ஒப்பாவ் என்னுமிடத்திலே அதற்கான ஆலை இயங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே உலகப் போர் மூண்டது. பசளைக்கென எழுந்த ஆலை வெடிமருந்துக்கு உழைத்தது. போர் முடிந்ததும் மீண்டும் வயலை நோக்கித் திரும்பியது. 1921ஆம் ஆண்டு செத்தெம்பர் 21ஆந் திகதி அதே ஒப்பாவில் பசளைக் களஞ்சியம் வெடித்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். போரும் பசளையும் ஒரே வாயிலினூடாக வெளிவந்த காலம் அது. அக்காலத்துக் கமக்காரர் சிலர் தம் விதைகள் சத்திழந்து வருவதையும் கால்நடைகள் நோயுற்று வருவதையுங் கண்டு அஞ்சினர். வழி சொல்லுமாறு ஸ்டைனரை அணுகினர். அவர்களுடைய அச்சம் வெறுங் கற்பனையன்று.

மண்ணின் சத்தை நகரம் உறிஞ்சிக்கொண்டு அதனைத் திருப்பித் தராதிருக்கிறது என்ற உண்மையை அவர்களுக்கு அரைநூற்றாண்டு முன்னரே ஒருவர் கண்டிருந்தார். இரசாயனவியலாளர் லீபிக்கின் ஆய்வுகளை ஊன்றிக் கற்ற மார்க்ஸ், முதலாளித்துவ வேளாண்மையின் முன்னேற்றம் உழைப்பாளியைக் கொள்ளையிடுவதோடு மண்ணையும் கொள்ளையிடுகிறது என்று 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதற் பாகத்திலே காட்டினார். அவருடைய விளக்கத்திலே மண்ணின் நோய்க்குக் காரணம் சமூக உறவு. ஸ்டைனரின் விளக்கத்திலே அக்காரணம் பிரபஞ்சத்தோடு மனிதன் கொண்டிருந்த ஆன்மிகத் தொடர்பு அறுந்தமையாகும். ஒரே புண்ணைப் பார்த்த இரு வைத்தியர் இருவேறு நாடிகளைப் பிடித்தனர் எனலாம்.

சொற்பொழிவுகள் நிகழ்ந்த இடத்தையுங் கவனிக்க வேண்டும். அன்று ஜேர்மனியிலும் இன்று போலந்திலும் உள்ள கோபர்விற்ஸ் என்னும் ஊரிலே, கைசர்லிங் பிரபுவின் மாளிகையில், 1924 யூன் மாதம் 7ஆந் திகதி தொடக்கம் 16ஆந் திகதி வரை எட்டுச் சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் வந்திருந்தனர். புகையிரத ஊழியரின் மகனாகப் பிறந்த ஸ்டைனர், பெருநிலம் ஆண்ட பிரபுவின் விருந்தினராக இருந்துகொண்டு மண்ணைப் பற்றிப் பேசினார். அடுத்த ஆண்டு மார்ச்சிலே அவர் காலமானார். சொற்பொழிவுகளின் பிரதிகள் உடனே பொது விற்பனைக்கு வரவில்லை. எண்ணிடப்பட்டு, உறுதிமொழி கொடுத்த உறுப்பினரிடையே மட்டும் நீண்டகாலம் உலாவின. முதலிலே செய்து பார்த்துச் சோதியுங்கள், பின்னர் உலகுக்குச் சொல்லலாம் என்று அவர் கூறியதுண்மை. ஆயினும் வாயடக்கத்தோடு தொடங்கும் விஞ்ஞானம், வாசலைச் சாத்திக்கொண்டு சோறு போடுவது போன்றதே.

நூலின் உள்ளடக்கத்துக்கு வருவோம். பசுவின் கொம்பிலே சாணத்தை அடைத்து மாரி காலம் முழுவதும் நிலத்திற் புதைத்து வைக்க வேண்டும். பின்னர் எடுத்து நீரிலே கரைத்து, ஒரு புறமும் மறு புறமுமாக மாறி மாறி ஒரு மணி நேரம் சுழற்றிக் கலக்கி நிலத்திலே தெளிக்க வேண்டும். இது பிற்காலத்திலே 500ஆம் இலக்கத் தயாரிப்பு எனப் பெயர்பெற்றது. 501இலே படிகக் கல்லின் மா கொம்பினுள் அடைக்கப்பட்டுக் கோடையிலே புதைக்கப்படும். இன்னும், யாரோப் பூவை ஆண்மானின் சிறுநீர்ப்பையிலும், சாமந்தியின் இனமான கமோமில் பூவைப் பசுவின் குடலிலும், ஓக் மரப்பட்டையை வீட்டு விலங்கொன்றின் மண்டையோட்டிலும் இட்டுப் பதப்படுத்திச் சிறிதளவு எருக்கும்பத்திலே சேர்க்கச் சொல்லுகிறார். வயலெலிகளைத் துரத்துவதற்கு, வெள்ளி விருச்சிக ராசியில் நிற்கும் வேளையிலே எலியின் தோலை எரித்துச் சாம்பலைத் தூவ வேண்டுமாம்.

இவற்றைப் படித்து நகைப்பது என் நோக்கமன்று. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது நூலின் குரல். ஏன் கொம்பு என்று கேட்டால், பசுவின் கொம்பு உடலினுள்ளே உயிர்ச் சக்திகளைத் திருப்பி அனுப்பும் உறுப்பு என்று விடை வருகிறது. அது எவ்வாறு தெரியும் என்று கேட்டால், காணும் ஆற்றல் பெற்றவர் கண்டார் என்பதற்கு மேல் விடையில்லை. ஸ்டைனரின் வாக்கியங்கள் பெரும்பாலும் "இது இவ்வாறு" என்றே முடிகின்றன. கேட்போனுக்கு வாதிட இடமில்லை. ஏற்கவோ விலகவோ மட்டுமே இடமுண்டு. நம் சமய உரைகளிற் பழகிய காதுக்கு இக்குரல் புதிதன்று.

ஆயினும் அந்நூலிலே ஒரு கருத்து உயிரோடிருக்கிறது. பண்ணை ஒவ்வொன்றும் தனக்குத் தானே முழுமையான ஓர் உயிரி போன்றது. அதற்கு வேண்டிய எருவை அதிலுள்ள கால்நடையே தரவேண்டும். அக்கால்நடைக்கு வேண்டிய தீனியை அந்நிலமே தரவேண்டும். வெளியிலிருந்து வாங்கும் எருவெல்லாம் நோயாளிக்கு ஊட்டும் மருந்தாகவே கொள்ளப்பட வேண்டும் என்பதே அக்கருத்து. இதுவே எரன்பிரீட் பைபர் வழியாக இங்கிலாந்து சென்றது. 1940இல் நோர்த்போர்ன் பிரபு எழுதிய நூலிலே "பண்ணை ஓர் உயிரி" என்னும் எண்ணத்திலிருந்து ஆங்கிலத்தில் 'ஓர்கானிக்' வேளாண்மை என்ற பெயர் பிறந்தது. இன்று நாம் சேதன வேளாண்மை என வழங்குவதற்கு அங்கே ஒரு வேர் உண்டு. கொம்பை எடுத்துவிட்டாலும் இக்கருத்து விழாது. ஸ்டைனரின் சீடர்தாம் கொம்பை எடுக்கச் சம்மதியார்.

இவ்விடத்திலே நம் வாசகருக்கு ஒரு சபலம் தோன்றக்கூடும். மரியா தூன் என்ற ஜேர்மானியப் பெண்மணி 1963 தொடக்கம் வெளியிட்டுவந்த விதைப்பு நாட்காட்டி, சந்திரன் நிற்கும் ராசியைக் கொண்டு நாட்களைக் கிழங்கு நாள், இலை நாள், பூ நாள், கனி நாள் என வகுக்கிறது. ரிஷபம், கன்னி, மகரம் கிழங்குக்கு. கடகம், விருச்சிகம், மீனம் இலைக்கு. நமது பஞ்சாங்கமோ நட்சத்திரத்தைக் கொண்டு மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள், சமநோக்கு நாள் என வகுத்துக் கீழ்நோக்கு நாளிலே கிழங்கு நடச் சொல்லுகிறது. "பார்த்தீரா, ஜேர்மன்காரனும் நம் முன்னோர் சொன்னதைத்தான் சொல்லுகிறான்" என்று நண்பர் உற்சாகப்பட்டார். இரண்டும் ஒன்றல்ல. ஒன்று ராசியையும் மற்றது நட்சத்திரத்தையும் பிடித்துக்கொள்ள, ஒரே நாளுக்கு இரு நூலும் முரணான விதி கூறுவதுமுண்டு. இரு சாட்சிகளின் வாக்குமூலம் ஒத்துப்போகவில்லை என்றால் வழக்கு வலுப்பெறுவது எப்படி? நான் அறிந்த கமக்காரர் பஞ்சாங்கத்தை மடித்து வைத்துவிட்டு, முதல் மழை நிலத்தை எவ்வளவு நனைத்தது என்று விரலை மண்ணில் விட்டுப் பார்த்தே விதைத்தனர்.

விளைவைச் சோதித்த ஆய்வுகள் இல்லாமலில்லை. சுவிற்சர்லாந்திலே பாசல் நகருக்கருகே தேர்வில் என்னுமிடத்தில் 1978 முதல் ஒரு நீண்டகாலப் பரிசோதனை நடந்து வருகிறது. உயிராற்றல் முறை, சேதன முறை, வழக்கமான முறை ஆகியன அருகருகே ஒப்பிடப்படுகின்றன. முதல் இருபத்தோராண்டு முடிவுகள் 2002இல் வெளியாயின. சேதன வகை இரண்டிலும் விளைச்சல் ஏறத்தாழ 20 வீதம் குறைந்தது. ஆனால் பசளையும் எரிசக்தியும் 34 முதல் 53 வீதம் வரை குறைவாகவும், பூச்சிகொல்லி 97 வீதம் குறைவாகவும் செலவாயின. மண்ணுயிர்கள் பெருகியிருந்தன. கவனிக்கத்தக்க ஆய்வென்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே உயிராற்றற் பாத்திக்கு இடப்பட்டது நன்கு மக்கிய கூட்டெரு. மற்றச் சேதனப் பாத்திக்கு இடப்பட்ட எரு வேறு வகையானது. எனவே நற்பலன் கூட்டெருவினாலா கொம்பினாலா என்பதைப் பிரித்தறிய அப்பரிசோதனை உதவாது. தயாரிப்புக்களை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியான ஆய்வுகளைத் திரட்டி நோக்கிய அமெரிக்கத் தோட்டவியலறிஞர் லிண்டா சோக்கர் ஸ்கொற், அவற்றின் பயனுக்கு நம்பத்தக்க சான்றில்லை என 2013இல் முடிவு கூறினார். பசளை இடுவது வேலை செய்தது. மந்திரம் செய்ததாகச் சான்றில்லை.

இதனினும் கசப்பான ஓர் அதிகாரம் உண்டு. உயிராற்றல் வேளாண்மையைப் புகழ்வோர் அதனைப் பெரும்பாலும் தாண்டிச் செல்வர். 1933இலே ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டில், எர்ஹார்ட் பார்ட்ஷ் என்பாரின் தலைமையில் ஜேர்மன் உயிராற்றல் வேளாண்மையினர் ஓர் அகில நாட்டுச் சங்கமாக ஒன்றுபட்டு, புதிய ஆட்சியோடு இணங்கிச் செல்ல முயன்றனர். ஸ்டைனரின் ஆன்மிகச் சங்கம் 1935இல் தடைசெய்யப்பட்டபின்னும் வேளாண்மைச் சங்கம் தப்பி நின்றது. ஆட்சியின் உயர்பீடத்திலே அதற்கு ஆதரவாளர் இருந்தனர். 1941இலே ஹெஸ் ஸ்கொட்லாந்துக்குப் பறந்த பின்னரே அச்சங்கமும் கலைக்கப்பட்டது. அதற்குப் பின்னும் எஸ்.எஸ். படை நடத்திய தோட்டங்களிலே முறை தொடர்ந்தது. அவற்றுள் ஒன்று டாக்கௌ வதைமுகாமின் மூலிகைத் தோட்டம். பட்டினியால் வாடிய கைதிகள் அங்கே மண்ணைக் கிளறினர். பலர் அங்கேயே மாண்டனர். மண்ணை நஞ்சின்றி வளமாக்க வேண்டும் என்ற கொள்கையும் மனிதனை எருவாக்கும் முகாமும் ஒரே வேலிக்குள் அடங்கின.

உயிராற்றல் வேளாண்மை நாசிசத்தின் பிள்ளை என்று நான் கூறவில்லை. அவ்வாறு கூறுவது பொய்யாகும். ஸ்டைனரின் மாணவருள் நாசிகளால் துன்புற்றோரும் உளர். நான் கூறுவது வேறு. வெள்ளி எந்த ராசியில் நிற்கிறது என்று கேட்கும் ஒரு கொள்கை, மண்வெட்டியைப் பிடித்திருப்பவன் யார், எவர் கட்டளையாற் பிடித்திருக்கிறான் என்று கேட்கவில்லையெனில், எந்த எசமானனின் நிலத்திலும் அது செழித்து வளரும். பிரபுவின் மாளிகையிலே பிறந்தது முகாமின் தோட்டத்திலே வேலை செய்ததற்குத் தடையேதும் அதன் உள்ளமைப்பிலே இருக்கவில்லை.

இனி மற்ற நூல். பில் மொலிசன் 1928இல் தஸ்மேனியாத் தீவிலே பிறந்தவர். பதினைந்து வயதிலே பள்ளியை விட்டுக் குடும்பத்தின் வெதுப்பகத்தில் வேலை செய்தார், மீன்பிடித்தார், காட்டிலே விலங்காய்வுப் பணி புரிந்தார், பின்னரே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். 1974இல் ஹோபார்ட் நகரிலே, அரசியற் செயற்பாட்டாளரான பெற்றோரிடம் வளர்ந்த டேவிட் ஹோம்கிரன் என்ற மாணவரை அவர் சந்தித்தார். முந்திய ஆண்டு எண்ணெய் விலை ஏறி மேற்குலகம் அதிர்ந்திருந்த வேளை. மலிவான எண்ணெய் இல்லாத நாளிலே மனிதர் எவ்வாறு உண்பர் என்பதே இருவரும் எழுப்பிய வினா. 1978இல் இருவரின் முதல் நூல் வெளிவந்தது.

அவர்களுடைய மூலங்கள் யாவை என்று பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும். அமெரிக்கச் சூழலியலறிஞர் ஹவார்ட் ஓடம், இயற்கையிலும் சமூகத்திலும் சக்தி பாயும் வழிகளைக் கணக்கிட்டு 1971இலே எழுதிய நூல் ஒன்று. அவுஸ்திரேலியக் கமக்காரர் யோமன்ஸ், சரிவு நிலத்திலே மழைநீரை நிறுத்தும் முறையை 1954இல் விளக்கிய நூல் மற்றொன்று. மரப்பயிர் பற்றி ரஸ்ஸல் சிமித் 1929இல் எழுதியது இன்னொன்று. 'நிலைத்த வேளாண்மை' என்ற சொற்றொடரோ இன்னும் முந்தியது. அமெரிக்க மண்ணியலாளர் கிங் 1909இல் சீனம், கொரியா, யப்பான் ஆகிய நாடுகளிற் பயணஞ் செய்து, நாலாயிரம் ஆண்டு உழுதும் மண்ணைக் கெடுக்காத குடியானவரின் முறைகளை 1911இல் வெளியான நூலிலே அப்பெயரால் வருணித்தார். ஆக, இக்கொள்கையின் அடியிலே நிற்பது ஞானியின் காட்சியன்று. ஆசியக் குடியானவனின் கை. இதனை மேலைநாட்டுப் பயிற்சி வகுப்புக்கள் வாய்விட்டுச் சொல்வது குறைவு.

மொலிசனின் நூல் பேசும் விதமும் வேறு. அவர் கோழியை எடுத்துக்கொள்கிறார். கோழிக்கு வேண்டியவை எவை, கோழி தருபவை எவை, கோழியின் இயல்பான செய்கைகள் எவை என மூன்று பட்டியல் இடுகிறார். அது நிலத்தைக் கிளறும், புழுவைத் தின்னும், எச்சமிடும், உடற்சூடு தரும். அப்படியாயின் கூட்டை எங்கே வைத்தால் அதன் கிளறல் உழவாகவும் எச்சம் பசளையாகவும் சூடு நாற்றுமேடைக்கு வெப்பமாகவும் பயன்படும்? ஒவ்வோர் உறுப்பின் வெளியீடும் மற்றோர் உறுப்பின் தேவையாகும்படி அமைப்பதே வடிவமைப்பு. இங்கே வாசகன் வாதிடலாம். தன் முற்றத்திலே கூட்டை வைத்துப் பார்த்து, "இது சரிவரவில்லை" எனலாம். பின்னர் 2002இலே ஹோம்கிரன் தொகுத்த பன்னிரு நெறிகளுள் முதலாவது, நோக்கி அறிந்து இடைப்படு என்பதாகும். தம் பாடநெறியிலே ஆன்மிகத்தைக் கலந்து கற்பிப்பதை மொலிசன் விரும்பவில்லை. இன்று அவர் பெயரால் நடக்கும் வகுப்புக்கள் சிலவற்றிலே கொம்பெருவும் ராசி நாட்காட்டியும் இடம்பெறுவது, ஆசான் முன்வாசலாற் துரத்தியதை மாணவர் பின்வாசலால் அழைத்து வந்தமையாகும்.

எனவே இரண்டுக்குமுள்ள உறவு பற்றி நண்பருக்கு நான் சொல்லக்கூடியது இதுவே. கூட்டெரு, கலப்புப் பயிர், கால்நடையையும் பயிரையும் ஒரு வட்டத்திலே இணைத்தல் ஆகியன இரண்டுக்கும் பொது. இவை குடியானவனின் பழைய அனுபவத்திலிருந்து இரண்டுக்கும் வந்தவை. யாழ்ப்பாணத்திலே பூவரசங் குழையையும் வேப்பங் குழையையும் தோட்டத்திலே தாழ்த்தியவனும், அறுவடை முடிந்த நிலத்திலே இரவில் ஆட்டுப்பட்டி அடைத்தவனும் ஸ்டைனரைக் கேட்டுச் செய்யவில்லை. மொலிசனைக் கேட்டுஞ் செய்யவில்லை. ஆனால் அனுபவத்தின் மீது ஸ்டைனர் கட்டியது சோதிக்கவியலாத ஒரு விண்ணுலகம். மொலிசனும் ஹோம்கிரனும் கட்ட முயன்றது சோதிக்கக்கூடிய ஒரு வரைபடம்.

அவ்வரைபடத்தையும் நாம் சோதிக்கத்தான் வேண்டும். பேர்மாகல்ச்சரின் மிகப் புகழ்பெற்ற படம் வலயப் படம். நடுவிலே பூச்சிய வலயம்: வீடு. அடுத்து முதலாம் வலயம்: அடிக்கடி கவனிக்க வேண்டிய கீரையும் மூலிகையும். பின்னர் பழமரம், தானியம், மேய்ச்சல் எனப் படிப்படியாக விரிந்து, ஐந்தாம் வலயம் மனிதர் தொடாத காடு. உழைப்பை மிச்சப்படுத்தும் அறிவார்ந்த அமைப்பு இது. நண்பர் தம் வகுப்பு மாணவரை அவரவர் வீட்டு வலயங்களை வரைந்து வரச் சொன்னாராம். ஒரு மாணவி பூச்சிய வலயத்தை மட்டும் வரைந்து வந்தாளாம். அவர்களின் வீடு பிறர் காணியிலே ஒத்திக்கு இருக்கும் ஒற்றை அறை. "மற்ற வலயமெல்லாம் காணிக்காரருடையது, சேர்" என்றாளாம். நண்பர் இதனை ஒரு வேடிக்கையாகவே சொன்னார். எனக்கோ அம்மாணவி அந்நூலின் மீது எழுதப்பட்ட மிகச் சிறந்த விமரிசனத்தைச் செய்துவிட்டாள் என்று பட்டது.

படத்தின் நடுவிலே நிற்பவன் நிலவுடைமையாளன். அவன் கூலியாளனாயின், குத்தகைக்காரனாயின், தோட்டத்து லயன் அறையிலே வாழும் தொழிலாளியாயின் படம் தொடங்கவே மாட்டாது. பூமியைப் பேணல், மக்களைப் பேணல், மிகையைப் பகிர்தல் என மூன்று அறங்களை இக்கொள்கை கூறுகிறது. மூன்றாவது அறம் மிகையைப் பகிரச் சொல்லுகிறது. நிலத்தைப் பகிரச் சொல்லவில்லை. மொலிசன் அரசியலிலே நம்பிக்கையிழந்தவர். ஒவ்வொருவரும் தத்தம் தோட்டத்திலே உற்பத்தியாளராக மாறினால் உலகம் மாறும் என்பது அவர் நம்பிக்கை. தஸ்மேனியாவின் ஆதிக்குடிகளின் வம்சாவளியைத் தேடித் திரட்டி எழுதியவரும் அவரே. வெள்ளையர் துப்பாக்கியால் வெறுமையாக்கப்பட்ட நிலம் அது என்பதை அவரினும் நன்கறிந்தோர் சிலரே. அவ்வறிவு அவருடைய வலயப் படத்தினுள்ளே நுழையாதது வியப்பிற்குரியது.

விளைச்சல் பற்றிய சான்றும் மெலிந்ததே. 2014இல் பேர்கசன், லோவெல் என்னும் ஆய்வாளர் இக்கொள்கை பற்றிய எழுத்துக்களைத் தொகுத்து நோக்கி, அது விஞ்ஞான ஆய்விலிருந்து ஒதுங்கி நிற்பதையும் மிகையான உரிமைகோரல்களையும் சுட்டிக்காட்டினர். சோதிக்கக்கூடியது என்பதும் சோதிக்கப்பட்டது என்பதும் ஒன்றல்ல.

நிலம் கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்குக் கியூபா ஒரு சான்று. சோவியத் நாடு குலைந்ததும் எண்ணெயும் பசளையும் வருவது நின்றுபோனது. நகரத்தின் வெற்று நிலங்களிலே மக்கள் கூட்டெரு நிரப்பிய பாத்திகள் அமைத்தனர். 1993 செத்தெம்பரிலே பெரும் அரசுப் பண்ணைகள் கூட்டுறவு அலகுகளாகப் பிரிக்கப்பட்டன. அக்காலத்திலேயே அவுஸ்திரேலியப் பேர்மாகல்ச்சர் பயிற்றுநர் ஹவானாவுக்கு வந்தனர். அவர்களின் பாடம் பற்றிப் படர நிலம் இருந்தது. 2008இலே தரிசாகக் கிடந்த அரசு நிலத்தைப் பயனுரிமையாக வழங்கும் சட்டமும் வந்தது. இதனை ஒரு சொர்க்கமாக வருணிப்போரை நான் நம்புவதில்லை. கியூபா இன்றும் தன் உணவிற் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது, பற்றாக்குறை தீரவில்லை. ஆயினும் அங்கே வரிசை சரியாயிருந்தது. முதலில் நிலம், பின்னர் வடிவமைப்பு.

நம் நாட்டிலே வரிசை எவ்வாறிருந்தது என்பதை எவரும் மறந்திருக்க முடியாது. பத்தாண்டிலே சேதன வேளாண்மைக்கு மாறுவோம் என 2019 தேர்தலிலே வாக்குறுதி தந்த அரசு, அந்நியச் செலாவணி வற்றிய நிலையிலே, 2021 மே மாதத்து வர்த்தமானியால் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. சேதனப் பசளை போதியளவு நாட்டிலே இல்லை. நவம்பரிலே தடை கைவிடப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. அப்போக நெல் விளைச்சல் முந்திய ஆண்டினும் மூன்றிலொரு பங்குக்கும் மேலாக வீழ்ந்தது. நஞ்சற்ற உணவு என்ற அழகிய சொல் கமக்காரனின் வெறுங் களஞ்சியத்துக்கு மூடியாயிற்று. அத்தடை உயிராற்றல் வேளாண்மையும் அன்று, பேர்மாகல்ச்சரும் அன்று. ஆனால் மண்ணின் தூய்மையை மண்ணிலே உழைப்போனிடம் கேளாமலே மேலிருந்து விதிக்கலாம் என்னும் மனப்பான்மை கோபர்விற்ஸ் மாளிகைக்கு அந்நியமானதன்று.

இதனைச் சொல்வதால், யூரியா மூடைக்கு நான் மாலை சூட்டுகிறேன் என எவரும் கொள்ள வேண்டாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பாறையினூடு தோட்டத்துப் பசளை இறங்கி, கிணற்று நீரிலே நைத்திரேற்றைப் பெருக்கியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரைக் குடிப்பவர் நாம்தாம். மாற்று வேண்டும் என்பதில் எனக்கும் நண்பருக்கும் கருத்து வேறுபாடில்லை. டிமீற்றர் முத்திரை பெற்ற தேயிலை ஐரோப்பியக் கடையிலே கூடிய விலைக்குப் போகலாம். ஆனால் கொழுந்து பறிப்பவளின் நாட்சம்பளம் பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னரே 2021இல் ஆயிரம் ரூபாவானது என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவைக்கும் மாற்றையே நான் வேண்டுகிறேன்.

நூல்களைத் திருப்பிக் கொடுத்தபோது இவ்வளவையும் நண்பரிடம் கூறினேன். கொம்பு விஷயத்திலே அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஈற்றில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பாடசாலைத் தோட்டத்திலே கத்தரிக்கு எட்டுப் பாத்திகள். எல்லாவற்றுக்கும் ஒரே கூட்டெரு, ஒரே நீர். நான்குக்கு மட்டும் கொம்பெருக் கரைசல். எந்த நான்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பது. காய்களை நிறுக்கும் மாணவருக்கு அதைச் சொல்லாதிருப்பது. நிறுத்து எழுதும் பொறுப்பு வலயப் படம் வரைந்த அதே மாணவிக்கு. கொம்புக்கு இறைச்சிக் கடையிலே சொல்லி வைத்திருக்கிறார். இன்னும் வந்து சேரவில்லை.